சிங்கப்பூர் பழைய ராணுவ வரைபடம், ஜப்பான் எழுத்து மேலச்சு: காலம் கணிக்க, விரிக்க, படியெடுக்க வழி சொல்லுங்க

#1 கடனாநதி

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கடையநல்லூர்ல ஒரு பழைய வீட்டு மச்சில், தகர டிரங்குப் பெட்டிக்குள்ள மடிச்சபடி ஒரு வரைபடம் கிடைச்சிருக்கு. விவரம் இவ்வளவுதான்:

தாள் 86 × 66 செ.மீ. நாலுக்கு நாலா 16 கட்டமா மடிச்சிருக்கு. ரெண்டு மடிப்பு கிழிஞ்சு பிரிஞ்சாச்சு. ஆங்கிலத்தில் சிங்கப்பூர்னு தலைப்பு, அளவு 1:25,000, மேட்டு உயரம் அடியில். அதுக்கு மேல ஊதா மையில் ஊர்ப் பேர் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்தில் ஜப்பான் எழுத்து. மேல வலது மூலையில் சிவப்பில் ஒத்தை எழுத்து, கட்டம் போட்டு. கீழ ஓரத்தில் ஒரு வரி, அதிலயும் ஜப்பான் எழுத்துதான். சிவப்புப் பென்சில்ல மூணு வட்டம்: தஞ்சோங் பகார், புக்கிட் தீமா ரோடு, காலாங். பின்பக்கம் தமிழ்ல பென்சில் கணக்கு. "காட்டி" "காட்டி"ன்னு வருது.

ஒருத்தர் இது வெள்ளைக்காரன் படம்ங்காரு, இன்னொருத்தர் ஜப்பான்காரன் படம்ங்காரு. எது சரி? முழுசா விரிச்சாத்தான் போட்டோ எடுக்க முடியும், விரிக்கவோ பயமா இருக்கு.

#2 குண்டர்சங்கிலி

ரெண்டு பேரும் சரிதான். நிலம் அளந்தவன் வெள்ளைக்காரன், இந்தத் தாளை அச்சடிச்சவன் ஜப்பான்காரன், வட்டம் போட்டவன் மூணாவது ஆள். ஒரே தாளில் மூணு காலம் இருக்கும்போது "இது எந்த வருஷத்துப் படம்"னு கேட்டா எந்தப் பதில் சொன்னாலும் தப்பாத்தான் போகும். ஒவ்வொரு மைக்கும் தனித்தனியா காலம் போடுங்க.

முதல்ல கறுப்பு மை, அதாவது அடிப்படம். அளந்த காலத்தை ஓரத்து எழுத்தை வச்சு நம்பாதீங்க, படத்துக்குள்ள என்ன இருக்கு, என்ன இல்லைன்னு பாருங்க. சிங்கப்பூருக்கு நல்ல அடையாளங்கள் இருக்கு.

ரயில் பாதை எங்க போய் முடியுது? டேங்க் ரோட்டில் முடிஞ்சா 1932க்கு முந்தைய அளவை. கெப்பல் ரோடு ஓரம் தஞ்சோங் பகார் நிலையத்தில் முடிஞ்சா 1932 அல்லது அதுக்குப் பிறகு. அந்த வருஷந்தான் புதுப் பாதையும் நிலையமும் திறந்தாங்க. அடுத்து காலாங் கழிமுகம். அங்க வட்டமா ஒரு இறங்குதளம் போட்டிருந்தா 1937க்குப் பிறகு திருத்தின படம். அந்த விமான நிலையத்துப் புல்தரை வட்ட வடிவந்தான், வேற எதோடயும் குழப்பிக்கிட முடியாது.

இனி இல்லாததைப் பாருங்க. நிக்கல் நெடுஞ்சாலையும் மெர்டேக்கா பாலமும் 1956. பாய லேபார் விமான நிலையம் 1955. இதில் ஏதாவது ஒண்ணு கறுப்பில் இருந்தா இது போர்க்காலத் தாளே கிடையாது. தெற்கே உள்ள தீவுக்கு "புலாவ் பிளாக்காங் மாத்தி"ன்னு பேர் இருக்கணும். செந்தோசாங்கிற பேரு 1970களில் வந்தது.

உயரம் அடியில் இருக்குன்னு நீங்க சொன்னதே பெரிய தடயம். ஜப்பான் ராணுவம் தன் சொந்த அளவையில் மீட்டர்தான் போடும். அடி அப்படியே நிக்குதுன்னா பிடிபட்ட பிரிட்டிஷ் படத்தைப் புகைப்படம் எடுத்துத் தகடு செஞ்சு மேல எழுத்தை ஏத்தியிருக்காங்கன்னு அர்த்தம். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வச்சுச் சின்ன ஆங்கில எழுத்தைப் பாருங்க. "ஏ", "இ" எழுத்துகளோட உள்வெளி மை அடைச்சு மொத்தையா இருந்தா அது படிக்குப் படி, அதாவது அச்சான படத்தையே பாத்து எடுத்த நகல்.

#3 பேட்டை ரயிலடி

எழுத்து விஷயம் நான் சொல்லுதேன். ஜப்பான்மொழி தெரியாமலே தேதி கண்டுபிடிச்சிரலாம்.

ஊர்ப் பேருக்குப் பக்கத்தில் இருக்கிறது கோணல்மாணலா நாலஞ்சு கோடு மட்டும் உள்ள எளிய எழுத்தா இருந்தா அது கதகானா. அயல்மொழிப் பேரை ஒலிபெயர்க்கிற எழுத்து, அதனால அது வெறும் உச்சரிப்புதான், புதுப் பேர் வச்சதா நினைச்சிரக் கூடாது. கோடு நெருக்கமா சிக்கலா இருக்கிறது காஞ்சி. தலைப்பில் காஞ்சி இருந்தா கவனிங்க. 1942 பிப்ரவரியில் பிடிச்ச கையோட சிங்கப்பூருக்கு "ஷோனான்"னு பேர் மாத்தினாங்க. ஜப்பான்காரங்க அப்போ வருஷத்தை எண்ணின "ஷோவா"ங்கிற பேரரசர் ஆட்சிக்காலப் பேரோட முதல் எழுத்தும் ஷோனானோட முதல் எழுத்தும் ஒண்ணேதான். புதுசா பாக்கிறவங்க தலைப்பில் உள்ள ஷோனானைப் பாத்துத் தேதின்னு நினைச்சு ஏமாறுறது இங்கதான்.

தேதி கீழ ஓரத்து வரியில்தான் இருக்கும். ஷோவாங்கிற ரெண்டு எழுத்து, பிறகு எண், பிறகு வருஷத்துக்கான எழுத்து. எண் ரொம்ப எளிசு: படுக்கைக் கோடு ஒண்ணு, ரெண்டு, மூணு இருந்தா 1, 2, 3. கூட்டல் குறி மாதிரி இருந்தா பத்து. பத்துக்குக் கீழயோ பக்கத்துலயோ வர்ற எழுத்தைக் கூட்டிக்கிடணும். வால் வளைஞ்ச சாய்ந்த கூட்டல் குறி மாதிரி இருந்தா 7. ரெண்டு கோடு கூரை மாதிரி விலகி நின்னா 8. ஷோவா எண்ணோட 1925ஐக் கூட்டுங்க. ஷோவா 17 = 1942, 18 = 1943. சில தாளில் 2602ன்னு நாலு இலக்கம் வரும், அது பேரரசு ஆண்டு, 660 கழிக்கணும், அதுவும் 1942தான்.

படுக்கை வரியை வலமிருந்து இடமாகவும் படிச்சுப் பாருங்க. போர் முடியிற வரைக்கும் தலைப்பெல்லாம் அப்படி எழுதுற வழக்கம் உண்டு. இடமிருந்து படிச்சுட்டு "எண் ஒண்ணும் வரலையே"ன்னு விட்டவங்க நிறையப் பேர்.

மூலையில் சிவப்பு ஒத்தை எழுத்து "ஹி"யா இருக்கும், ரகசியம்னு பொருள். அதுக்கு முன்னாடி இன்னொரு எழுத்து சேர்ந்தா அதிரகசியம். ஒத்தை எழுத்துன்னா படையில் பரவலாக் கொடுத்த படம்னு எடுத்துக்கிடலாம்.

இந்த மாதிரி படங்களுக்கு ஜப்பான்ல "கைஹோசு"ன்னு பேர், வெளிநிலப் படம்னு அர்த்தம். பொதுப்படைத் தலைமையகத்தின் கீழ இருந்த நில அளவைத் துறை அச்சடிச்சது. போர் முடியும்போது எரிக்கச் சொல்லி உத்தரவு போட்டும் ஏராளமாத் தப்பிச்சது. தோஹோகு பல்கலைக்கழகமும் ஸ்டான்ஃபோர்டும் இணையத்தில் படியேத்தி வச்சிருக்காங்க. உங்க தாளோட எண் தெரிஞ்சா அங்க ஒப்பிட்டுப் பாருங்க.

#4 சாரல்காத்து

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு? துணி மேல போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசா வச்சு எடுத்தா மடிப்பு நேராயிரும். கிழிசலுக்குப் பின்னால செலோடேப். பிறகு ஜங்ஷன்ல கட்டட பிளான் ஸ்கேன் பண்ணுற கடையில் கொடுத்தா அஞ்சு நிமிஷம். கடைசியா லேமினேஷன். பூச்சி வராம இருக்க ஓலைச்சுவடிக்குத் தடவுற மாதிரி புல்தைலம் தடவலாம்.

#5 பழந்தாள்

சாரல்காத்து தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க சொன்ன அஞ்சுமே இந்தத் தாளைக் கொல்லும்.

இஸ்திரி: போர்க்காலத் தாள் மலிவான மரக்கூழ், அமிலம் ஏறிப் பழுப்பாகி இருக்கும். சூடு பட்டா மிச்ச ஈரமும் போய் அப்பளம் மாதிரி நொறுங்கும். செலோடேப்: பசை சில வருஷத்தில் மஞ்சளாகித் தாளுக்குள்ள இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. பிளான் ஸ்கேனர்: உருளை இழுக்கிற பொறி. பிரிஞ்ச மடிப்பு உருளையில் மாட்டினா தாள் ரெண்டு துண்டு. லேமினேஷன்: சூடு, பசை ரெண்டும் சேர்ந்தது, திரும்ப வழியில்லை. புல்தைலம் பனையோலைக்கு நல்லது, ஓலை காய்ஞ்சு விறைக்காம இருக்கத் தடவுறாங்க. தாளில் எண்ணெய் பட்டா கறைதான்.

செய்ய வேண்டியது இது. அவசரமில்லாம ரெண்டு நாள் ஒதுக்குங்க. சாரல் அடிக்கிற ஆனி, ஆடியில் வேண்டாம், ஐப்பசி, கார்த்திகை மழையிலயும் வேண்டாம். நனைக்கிறது சுலபம், தென்காசிப் பக்கத்து ஈரக்காத்தில் காய வைக்கிறதுதான் பாடு. 24 மணி நேரத்துக்கு மேல ஈரம் நின்னா பூசணம் பிடிக்கும். தை, மாசி சரியான காலம்.

முதல்ல மென்மையான தூரிகையில் தூசி. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளணும். பின்பக்கப் பென்சில் கணக்கு மேல ரப்பர், ஈரத்துணி எதுவும் படக் கூடாது.

அடுத்து மைச் சோதனை. இதை விட்டுட்டுப் போனவங்கதான் பின்னால அழுவாங்க. சுத்தமான தண்ணியில் பஞ்சுக்குச்சியை நனைச்சுப் பிழிஞ்சு, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஓரத்தில் ஒவ்வொரு மை மேலயும் 10 விநாடி வச்சு, வெள்ளை ஒற்றுத்தாளால் ஒத்தி எடுங்க. கறுப்பு அச்சு மை அசையாது. ஊதாவும் சிவப்பு முத்திரையும் சாயமையா இருந்தா ஒழுகும். ஒற்றுத்தாளில் துளி ஊதா வந்தாலும் ஈரப்படுத்துற வேலையை நிறுத்திட்டு, காய்ஞ்ச நிலையிலயே மடிப்பு மடிப்பா நாள்கணக்கில் பாரம் வச்சு விரிக்கணும்.

மை நின்னா ஈர அறை. 86 செ.மீ தாளை விரிச்சுப் போட பெரிய தொட்டி வேண்டியதில்லை. மடிச்ச நிலையில் ஒரு கட்டம் 21.5 × 16.5 செ.மீ தானே? மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி, அடியில் பிழிஞ்ச ஸ்பாஞ்ச் நாலு, அதுக்கு மேல 5 செ.மீ உயரத்தில் பிளாஸ்டிக் வலைத்தட்டு, தட்டு மேல ஒற்றுத்தாள், அது மேல வரைபடம். மூடிக்கு உட்பக்கமும் ஒற்றுத்தாள் ஒட்டுங்க, இல்லைன்னா ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டா தாள் மேல விழுந்து வட்டக் கறை ஆகும். 4 மணி நேரத்தில் ஒரு தடவை பாருங்க. தாள் துணி மாதிரி தளர்ந்தா ஒரு மடிப்பைத் திறங்க, திரும்பப் பெட்டிக்குள்ள. அடம்பிடிக்கிற மடிப்பை விரலால் நிமிண்டாதீங்க, இன்னும் 2 மணி நேரம் விட்டா தானா வரும். மடிப்பு திறக்கத் திறக்கப் பெட்டி பத்தாது. அப்போ மேசை மேல ஈர ஒற்றுத்தாள் விரிச்சு, இடையில் பாலியஸ்டர் நெய்யாத துணி போட்டு, மேல பிளாஸ்டிக் தாளால் கூடாரம் மாதிரி மூடிக்கிடலாம்.

முழுசா விரிஞ்சதும் ரெண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவில் வச்சு, மேல சமமான ஒட்டுப்பலகை, அது மேல பாரம். ஒற்றுத்தாளை அரை மணியில் ஒரு தடவை, அடுத்து 2 மணியில், அடுத்து இரவு ஒரு தடவை மாத்துங்க. முதல் மாத்தலை மறந்தா தாள் அலை அலையாக் காயும்.

#6 கடனாநதி

பழந்தாள் அண்ணாச்சி, சோதிச்சுப் பாத்தேன். கறுப்பு, ஊதா ரெண்டும் நிக்குது, சிவப்பு முத்திரை மட்டும் லேசா வருது.

பேட்டை அண்ணாச்சி, கீழ வரியை வலமிருந்து பாத்தா நீங்க சொன்ன ரெண்டு எழுத்து, கூட்டல் குறி, பிறகு வால் வளைஞ்ச கூட்டல் குறி. அப்போ ஷோவா 17, 1942.

குண்டர்சங்கிலி அண்ணாச்சி, ரயில் தஞ்சோங் பகார்ல முடியுது, காலாங்ல வட்டம் இருக்கு, நெடுஞ்சாலை இல்லை.

பிரிஞ்ச ரெண்டு மடிப்புக்கு என்ன பசை? புத்தகம் பைண்டிங் கடையில் மைதாப் பசை கிடைக்கும்.

#7 பழந்தாள்

பைண்டிங் பசை வேண்டவே வேண்டாம். பூச்சி வராம இருக்க அதில் மயில்துத்தம் போடுவாங்க, அது நாளடைவில் தாளை அரிக்கும். வெறும் மைதாவிலயும் பசைப்புரதம் இருக்கு, காய்ஞ்சா விறைச்சு இழுக்கும்.

வேண்டியது கோதுமை மாவுச்சத்து மட்டும். நம்ம ஊர்ல அதுக்கு வழி சொல்லிக் கொடுக்கணுமா? அல்வாவுக்குப் பால் எடுக்கிற மாதிரிதான். சம்பா கோதுமையை ஊறவச்சு அரைச்சு, துணியில் பிழிஞ்சு, பாலைத் தெளிய விடுங்க. மேல நிக்கிற மஞ்சத் தண்ணியை வடிச்சுப் புதுத் தண்ணி ஊத்தி, மறுபடி தெளிய விட்டு வடிங்க. மூணு நாலு தடவை செஞ்சா அடியில் வெள்ளையாப் படியிறதுதான் மாவுச்சத்து. அல்வாக்காரருக்குப் பால் புளிச்சா நல்லது, நமக்குப் புளிக்கக் கூடாது, அதனால ஒரே நாளில் முடிங்க. காயவச்ச சத்து 1 பங்கு, தண்ணி 5 பங்கு, சின்னத் தீயில் 20 முதல் 30 நிமிஷம் கிண்டிக்கிட்டே இருக்கணும். கண்ணாடி மாதிரி தெளிஞ்சு கெட்டியானதும் ஆறவச்சுச் சல்லடையில் ரெண்டு தடவை தேய்ச்சு எடுங்க. பயன்படுத்தும்போது தண்ணி விட்டு மோர்ப் பதத்துக்கு இளக்குங்க. நெய்யும் சீனியும் சேர்க்காம இருந்தாச் சரி.

ஒட்டுக்கு ஜப்பான் கோசோ இழைத்தாள், மெல்லிசு, 1 செ.மீ அகலப் பட்டை. கத்திரியால் வெட்டாம, தண்ணிக் கோடு போட்டுக் கையால் கிழிங்க. ஓர இழை பிசிறா நின்னாத்தான் பிடிக்கும், காய்ஞ்ச பிறகு தடம் தெரியாது. பின்பக்கம்தான் ஒட்டணும். பென்சில் கணக்கு குறுக்கே வந்தா எழுத்தைச் சுத்தி விட்டுட்டு ரெண்டு பக்கமும் சின்னத் துண்டா ஒட்டுங்க. இழைத்தாள் வழியா எழுத்து தெரியத்தான் செய்யும், ஆனா ஒட்டுறதுக்கு முன்னாடி பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வைக்கிறது புத்தி.

சிவப்பு முத்திரை ஒழுகுதுன்னா அந்த மூலைக் கட்டத்தை ஈர அறைக்கு வெளியே நிறுத்திக் காய்ஞ்ச நிலையில் விரிங்க.

#8 மேலப்பாளையத்தான்

தாளைப் பத்தி நிறையப் பேசியாச்சு, ஊரைப் பத்தி யாரும் பேசலை.

1942 பிப்ரவரி 8 ராத்திரி ஜப்பான் படை சரிம்புன் கரையில் இறங்கினது, இந்தத் தாளுக்கு வெளியே வடமேற்கு. அதுக்கு முன்னால ஜனவரி 31ல் ஜோகூர்ப் பாலத்தை வெள்ளைக்காரனே உடைச்சான், ஜோகூர்லருந்து வந்த தண்ணிக்குழாயும் அதோட போச்சு. பிப்ரவரி 15ல் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைஞ்சது புக்கிட் தீமாவில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில். அந்தத் தொழிற்சாலை வேலை தொடங்கினது 1941ல். உங்க அடிப்படம் 1937ஐ ஒட்டித் திருத்தினது. அதனால ஊரே கைமாறின கட்டடம் உங்க தாளோட இடது ஓரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோட்டமாத்தான் தெரியும்னு நினைக்கேன். பாத்துச் சொல்லுங்க. 1942ல் அச்சடிச்ச படத்தில் 1942 ஊர் இருக்காதுங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

அதே மாதிரி ஃபேரர் பார்க் மைதானம் பேரோட இருக்கும், ஆனா பிப்ரவரி 17ல் அங்கதான் பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்களை ஜப்பான் அதிகாரி மேஜர் ஃபுஜிவாரா கையில் ஒப்படைச்சாங்க, இந்திய தேசிய ராணுவத்தைத் தொடங்கின கேப்டன் மோகன் சிங் பேசினாருங்கிறது தாளில் இருக்காது. கேத்தே கட்டடத்தில் 1943 ஜூலை 4ல் சுபாஷ் சந்திர போஸ் இந்தியச் சுதந்திரச் சங்கத் தலைமையை ஏத்துக்கிட்டதும், அக்டோபர் 21ல் தற்காலிக அரசை அறிவிச்சதும் அப்படித்தான்.

பின்பக்கக் கணக்கு எனக்குப் படத்தை விடப் பெருசாத் தெரியுது. காட்டிங்கிறது மலாய் எடை, 1 காட்டி சுமார் 605 கிராம், 100 காட்டி 1 பிக்குல். தாள் 1942 அச்சு, அதனால கணக்கு அதுக்குப் பிந்தியது. அரிசிக்கு எதிரே 8, 6, 4ன்னு எண் வரிசை வருதான்னு பாருங்க. 1944ல் மாச அரிசிப் பங்கீடு ஆணுக்கு 8 காட்டி, பெண்ணுக்கு 6, பிள்ளைக்கு 4ன்னு குறைச்சாங்க. 8 காட்டின்னா 5 கிலோ கூட இல்லை. மரவள்ளிக்கிழங்கு நிறைய வந்தாலும் அதே காலம். விலை டாலர்ல போட்டிருந்தா அது வாழைமர நோட்டு, ஜப்பான் ஆட்சியில் அச்சடிச்ச பணம். அது மாசாமாசம் மதிப்பிழந்த காசு, அதனால விலையை வச்சுச் செல்வம் கணக்குப் போடாதீங்க. ஒரே சாமானுக்கு ரெண்டு இடத்தில் விலை இருந்தா எது முந்தி எது பிந்தின்னு மட்டும் சொல்லலாம்.

மணி நேரம் எழுதியிருந்தா இன்னொரு கவனம். ஜப்பான் ஆட்சியில் கடிகாரம் டோக்கியோ நேரத்துக்கு, ஒன்றரை மணி நேரம் முன்னால தள்ளி ஓடினது. "காலை 7"ன்னா பழைய கணக்கில் விடியக்காலம் 5.30.

#9 சாரல்காத்து

அப்போ அந்த மூணு சிவப்பு வட்டமும் சூக் சிங் (ஜப்பான் ராணுவம் சீனர்களைப் பிரிச்செடுத்துக் கொன்னது) விசாரணை இடங்கள்தானே? தஞ்சோங் பகார்ல சீனர்களை வரிசையா நிக்க வச்சுப் பிரிச்ச இடம் உண்டுன்னு படிச்சிருக்கேன்.

#10 மேலப்பாளையத்தான்

அப்படிச் சொல்லிரக் கூடாது தம்பி. சூக் சிங் நடந்தது 1942 பிப்ரவரி 18லிருந்து மார்ச் 4 வரைக்கும். ஹோங் லிம் பக்கம், ஜாலான் புசார்னு ஊர் பூராவும் இடம் இருந்தது. சாங்கிக் கடற்கரை, பொங்கோல் முனைன்னு கொன்ன இடங்களில் இன்னைக்கு நினைவுக்கல் நிக்குது. ஜப்பான் தரப்பு ஒத்துக்கிட்டது சுமார் 5,000, சீனச் சமூகம் சொல்லுறது அதைப் போலப் பல மடங்கு. இவ்வளவு கனமான விஷயத்தை ஒரு பென்சில் வட்டத்தில் ஏத்த ஆதாரம் வேணும். காலாங், தஞ்சோங் பகார், புக்கிட் தீமா ரோடு மூணையும் சேர்த்துப் பாத்தா விமானத்தளம், துறைமுகம், பெரிய சாலை. படையெடுப்புக் குறியாவும் இருக்கலாம், 1946ல் ஒரு சின்னப் பையன் வரைஞ்சதாவும் இருக்கலாம்.

#11 குண்டர்சங்கிலி

வட்டம் மடிப்புக்கு முந்தியதா பிந்தியதான்னு ஒரு சோதனை உண்டு. வட்டக்கோடு மடிப்பைத் தாண்டுற இடத்தை உருப்பெருக்கியில் பாருங்க. மடிப்புப் பள்ளத்துக்குள்ள சிவப்பு இறங்கியிருந்தா, அல்லது கிழிசல் ஓரத்து இழையில் நிறம் இருந்தா, மடிச்சுப் பழசான பிறகு போட்டது. மடிப்பில் நிறம் தேய்ஞ்சு வெள்ளைக்கோடா இருந்தா முதல்ல வட்டம், பிறகு மடிப்பு. ஆள் யாருன்னு இது சொல்லாது, வரிசையை மட்டும் சொல்லும்.

இனி படியெடுக்கிற கணக்கு. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், அதுக்குக் கீழ போனா கதகானா புள்ளிகள் கரையும். 24 மெகாபிக்சல் கேமராவில் (6000 × 4000) ஒரு படத்தில் 50.8 × 33.9 செ.மீ வரும். கால் பங்கு மேல்பொருத்தம் விட்டா 2 × 3, ஆறு படம் கணக்குக்குச் சரி. ஆனா 86 செ.மீ பக்கத்தில் 3 செ.மீ கூட மிஞ்சாது, கேமரா கொஞ்சம் சாய்ஞ்சாலும் ஓரம் போயிரும். 3 × 3, ஒன்பது எடுங்க. 50 மி.மீ லென்ஸ், எஃப் 8, கேமரா தாளுக்கு நேர் செங்குத்தா, விளக்கு ரெண்டு பக்கமும் 45 பாகையில். தாள் மேல கண்ணாடி வேண்டாம், பிரதிபலிப்பு வரும். ஓரத்தில் ஒரு ஸ்கேலும் வெள்ளை, சாம்பல் அட்டையும் வச்சு எடுங்க. கேமராவை நகர்த்தாம தாளைப் பலகையோட நகர்த்துங்க. மூலத்தை டிஃப் கோப்பா வைங்க, ஜேபெக் பகிர மட்டும்.

அடுத்து இன்றைய படத்தோட பொருத்துறது. கியூஜிஐஎஸ்ங்கிற வரைபட மென்பொருள் போதும். பெரிய தப்பு கடற்கரையைக் கட்டுப்பாட்டுப் புள்ளியா, அதாவது ரெண்டு படத்தையும் பிணைக்கிற பொது இடமா வைக்கிறது. சிங்கப்பூர்க் கரை எல்லாம் மண் கொட்டி வெளியே தள்ளியாச்சு. 1942 கரை இன்னைக்கு நகருக்கு நடுவில் கிடக்கு. நகராத கட்டடங்களைப் பிடிங்க: சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில், அதே ரோட்டில் சூலியா பள்ளிவாசல், தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா, செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல், தஞ்சோங் பகார் பழைய ரயில் நிலையம், ஃபோர்ட் கேனிங் குன்று. நகருக்குள்ளயே எல்லாப் புள்ளியையும் குவிச்சா வடக்குப் பக்கம் ஆடும். மெக்ரிட்சி நீர்த்தேக்க அணை, பழைய சாலைச் சந்திப்புன்னு ஓரத்துலயும் எடுங்க. மொத்தம் 12 முதல் 15.

இலக்கு ஆயத்தொலை முறை சிங்கப்பூரின் எஸ்விஒய்21, மென்பொருள்ல அதோட குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 3414. தாளில் அச்சான அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே ஜிபிஎஸ் எண்ணா அடிச்சிராதீங்க. பழைய மலாயா அளவை எவரெஸ்ட் கோளவுருவை (பூமி வடிவத்துக்கான பழைய கணக்கு) வச்சது. மாத்தாம போட்டா கிழக்கு மேற்கில் 200 மீட்டர் வரைக்கும் தள்ளும், தாளில் அது 8 மி.மீ. தெருவே மாறிரும்.

மென்பொருள்ல முதல்ல முதல்படிப் பல்லுறுப்பு மாற்றம் (தாளை வளைக்காம நகர்த்தி, திருப்பி, இழுத்துப் பொருத்துறது) போட்டு மிச்சப் பிழையைப் பாருங்க. 0.5 மி.மீன்னா நிலத்தில் 12.5 மீட்டர், படிக்குப் படி எடுத்த தாளுக்கு அது நல்லதுதான். ஒரு புள்ளி மட்டும் 60, 70 மீட்டர் காட்டினா அந்தப் புள்ளியைத் தப்பாப் பிடிச்சிருக்கீங்க. உடனே தின் பிளேட் ஸ்பிளைனுக்கு, அதாவது படத்தை வளைச்சுப் பொருத்துற முறைக்கு ஓடாதீங்க. அது எல்லாப் பிழையையும் விழுங்கிப் பூஜ்யம் காட்டும், தப்பும் உள்ள போயிரும். பிரிஞ்ச மடிப்பைச் சேர்க்காம எடுத்த தாளுக்கு மட்டும், அதுவும் கட்டம் கட்டமா.

ஊதா எழுத்தைத் தனி அடுக்கா வைங்க. மேலச்சு கறுப்போட இம்மி பிசகாம விழுந்திருக்காது. ஒரு மி.மீ விலகினா 25 மீட்டர். ஊதாக் குறியை வச்சுக் கட்டடம் எதுன்னு சொல்லும்போது அந்த விலகலைக் கழிச்சுக்கிடணும். நாலு மூலைக் குறியில் ஊதாவும் கறுப்பும் எவ்வளவு விலகுதுன்னு அளந்தாலே தெரிஞ்சிரும்.

#12 பேட்டை ரயிலடி

ஒப்பிட இன்னொரு வசதி இருக்கு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக நூலகம் பழைய சிங்கப்பூர்ப் படங்களைப் பொருத்தியே இணையத்தில் வச்சிருக்கு. இன்றைய தெருவுக்கு ஒன்மேப்ங்கிற சிங்கப்பூர் அரசாங்க இணையப் படம். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வச்சுப் புள்ளி பிடிச்சா பாதி நேரம் மிச்சம்.

#13 சாரல்காத்து

இதுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்குமே. சிங்கப்பூர்ல யாராவது சேகரிப்பாளருக்கு கூரியர்ல அனுப்பிரலாமா?

#14 பழந்தாள்

அனுப்பிட்டு மாட்டிக்கிடாதீங்க. 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்தில் பொதுப் பொருளுக்கு 100 வருஷம்னு இருந்தாலும், வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படி, ஆவணத்துக்கு 75 வருஷந்தான். 1942 தாள் அதைத் தாண்டியாச்சு. தொல்பொருள்னு ஆச்சுன்னா தனிஆள் நாட்டை விட்டு அனுப்பவே கூடாது. ஆகுமா ஆகாதான்னு சொல்லுறது இந்தியத் தொல்லியல் துறை, கூரியர் கடைக்காரர் இல்லை. படியை யாருக்கு வேணும்னாலும் அனுப்பலாம், நல்லாப் படியெடுத்தா ஆராய்ச்சிக்கு அதுவே போதும்.

#15 கடனாநதி

விக்கிற எண்ணம் அந்த வீட்டாருக்கு இல்லை.

மேலப்பாளையத்தான் பாய், நீங்க சொன்னபடியே ஃபோர்டு தொழிற்சாலை இடத்தில் ரப்பர்த் தோட்டக் குறிதான் இருக்கு. பின்பக்கத்தில் 8, 6 இருக்கு, 4 ரெண்டு தடவை வருது. வட்டத்தில் தஞ்சோங் பகார் மட்டும் மடிப்புப் பள்ளத்துக்குள்ள சிவப்பு இறங்கியிருக்கு, மத்த ரெண்டில் மடிப்பு வெள்ளைக்கோடா இருக்கு.

இன்னொரு சந்தேகம். சிங்கப்பூர்ல கடையநல்லூர்த் தெருன்னு இருக்கே, அதை இதில் தேடித் தேடிப் பாத்தேன், இல்லை. அப்போ அந்தத் தெரு பின்னால வந்ததா?

#16 குண்டர்சங்கிலி

இல்லாததை வச்சு அப்படி முடிவு கட்ட முடியாது. 1:25,000ல் 100 மீட்டர் தெரு 4 மி.மீ. அதில் இவ்வளவு நீளப் பேரை எழுத இடமே கிடையாது. மேக்ஸ்வெல் ரோடு பக்கத்தில் கோடு இருக்கான்னு மட்டும் பாருங்க. தெருப் பேருக்கு மைலுக்கு ஆறு அங்குல நகரப் படம் வேணும், இது காலாட்படை நடக்கிற படம்.

வட்ட விஷயம் நல்லாக் கவனிச்சிருக்கீங்க. அப்போ மூணு வட்டமும் ஒரே ஆள் ஒரே நாளில் போட்டதில்லை. ரெண்டு மடிப்புக்கு முந்தி, தஞ்சோங் பகார் பிந்தி.

#17 மேலப்பாளையத்தான்

8, 6, 4, 4. ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு, பிள்ளை ரெண்டு. கடையநல்லூர், தென்காசிக்காரங்க நிறைய இருந்தது தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டித்தான். பிந்திப் போட்ட வட்டமும் அங்கதான் இருக்கு. அந்த வட்டத்துச் சிவப்பும் கணக்கில் எங்கயாவது வர்ற சிவப்பும் ஒரே பென்சிலான்னு பாருங்க. கணக்கு முழுக்கக் கறுப்புப் பென்சில்னா இந்த யோசனையை விட்டிரலாம்.

#18 கடனாநதி

கணக்கில் கூட்டுத்தொகைக்கு அடியில் மட்டும் சிவப்புக் கோடு இருக்கு. ஒரே பென்சிலான்னு கண்ணால சொல்லத் தெரியலை. மேலும் கீழும் ரெண்டையும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வச்சு எடுத்துப் போடுதேன். மாசி பிறந்ததும் ஈர அறை வேலை, அது வரைக்கும் மடிச்ச மேனிக்கே பாலியஸ்டர் உறையில் இருக்கட்டும்.

#19 பழந்தாள்

டிரங்குப் பெட்டிக்குள்ள திரும்ப வச்சிராதீங்க, துரு இறங்கும். பாச்சை உருண்டையும் உறைக்குள்ள போடாதீங்க. ராமபாணப் பூச்சி இருட்டும் ஈரமும் தேடித்தான் வரும், காத்தோட்டமான பீரோவின் நடுத்தட்டு போதும். அட்டை மேல சமமா, மேல வேற பாரம் இல்லாம.

போட்டோ எடுக்கும்போது கோட்டுக்கு ஒரு பக்கத்தில் தாழ்வா ஒரு விளக்கு வச்சும் ஒண்ணு எடுங்க. பென்சில் அழுத்தின பள்ளம் அப்பத்தான் தெரியும்.